ஜொகூரின் ஸாப்பினும் கஜலும்

ஜொகூர் மாநிலம் தன் கலை முகமாக முன்னிறுத்துபவை இரண்டு. ஒன்று ஸாப்பின் ஆட்டம். மற்றொன்று மலாய் கஜல் இசை. திருமண வீட்டிலும் அரசு விழாவிலும் பள்ளி மேடையிலும் இவை இடம்பெறுகின்றன. இவற்றின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை என்பது தெரியும். ஸாப்பினின் ஆட்டமுறையும் காம்புஸ் என்னும் கம்பி வாத்தியமும் தென் அரேபியாவிலிருந்து வந்தன. கஜலின் தபலாவும் ஆர்மோனியமும் இந்தியாவிலிருந்து வந்தன. இரண்டிலும் ஒலிக்கும் வயலின் ஐரோப்பாவினுடையது. பாடப்படும் வரிகள் மலாய் மொழியின் பந்துன் யாப்பில் அமைந்தவை.

இத்தனை தொலைவுகளிலிருந்து வந்தவை ஒரே மேடையில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. வந்த ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அங்கே ஒரு குறிப்பிட்ட வேலை காத்திருந்தது. வாத்தியங்கள் மாறியபோதும் ஆட்டத்தின் ஒழுங்கும் பாட்டின் யாப்பும் கட்டுக்குலையாமல் நின்றன. ஜொகூரின் இசை வரலாறு முழுவதிலும் இந்த இரண்டு செய்திகளும் திரும்பத் திரும்பத் தெரிகின்றன.

துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த அரசு

1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் துறைமுகமானபோது ஜொகூரின் தெமெங்கோங் என்னும் உயர் அதிகாரி அத்தீவிலேயே இருந்தார். பின்னர் அவருடைய குடியிருப்பு சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவுக்கு மாறியது. 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் ஜொகூரின் பெரும்பகுதிக்கு உரிமை பெற்றார். ஜொகூர் நீரிணையின் மறுகரையில் தஞ்சோங் புத்திரி என்ற புதிய ஊர் எழுந்தது. அவருடைய மகன் அபு பாக்கார் 1862இல் ஆட்சிக்கு வந்து, 1866இல் அந்த ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். 1868இல் மகாராஜா பட்டத்தையும் 1885இல் சுல்தான் பட்டத்தையும் அவர் ஏற்றார். வடக்கே உள்ள மூவார் 1877இல் ஜொகூரின் ஆட்சிக்குள் வந்தது.

ஆள் குறைவான காட்டு நிலத்தை வளமாக்க வெளியாட்கள் தேவைப்பட்டனர். காம்பியர், மிளகுத் தோட்டங்களைச் சீனர்கள் ஆற்றங்கரைகளில் அமைத்தனர். மேற்குக் கரையின் சதுப்பு நிலத்தில் ஜாவானியர், பூகிஸ், பஞ்சார் மக்கள் வாய்க்கால் வெட்டிக் குடியேறினர். பத்து பகாட், பொந்தியான் வட்டாரங்களில் பல ஊர்ப்பெயர்கள் வாய்க்காலைக் குறிக்கும் ‘பாரிட்’ என்ற சொல்லோடு தொடங்குவது அதனால்தான். ரப்பர் தோட்டங்களும் 1909இல் நிறைவடைந்த ஜொகூர் ரயில் பாதையும் தமிழர்களைக் கொண்டுவந்தன. அரபு வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தனர்.

இந்தக் கலவை அரண்மனை வாசலிலும் இருந்தது. 1879இல் ஜொகூரின் கீதத்துக்கு இசையமைத்தவர் மக்கெர்ட்டிச் கலிஸ்தான் என்ற ஆர்மீனியர். ஐரோப்பியப் பாணியில் பேண்டு வாத்தியமும் வீட்டு முற்றங்களில் காம்புஸும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் ஒலித்தன.

ஹத்ரமௌத்திலிருந்து வந்த ஆட்டம்

யேமனின் ஹத்ரமௌத் பள்ளத்தாக்கிலிருந்து அரபுக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக இந்தியப் பெருங்கடல் கரைகளுக்குப் புறப்பட்டன. குஜராத், மலபார், ஆச்சே, பலெம்பாங், ரியாவ் என்று பல துறைகளில் அவர்கள் தங்கினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியபின் அந்த வரத்து வேகம் பிடித்தது. ஜொகூரில் அவர்களுக்கு உயர்ந்த மதிப்பு இருந்தது. 1934 முதல் 1961 வரை மாநிலத்தின் முஃப்தியாக இருந்த அல்வி பின் தாஹிர் அல்ஹத்தாத் ஹத்ரமௌத்தில் பிறந்தவர்.

இந்தக் குடும்பங்களின் திருமணங்களிலும் சமய விழாக்களிலும் ஆண்கள் இருவர் இருவராக எழுந்து ஆடினர். உட்கார்ந்திருப்போர் நடுவே விடப்பட்ட குறுகிய இடமே அவர்களுக்கு அரங்கம். அரபுக் குடியிருப்புகளில் இந்த ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. அக்கம்பக்கத்து மலாய்க் கிராமங்களில் அதே ஆட்டம் மெல்ல உருமாறியது. துள்ளலும் திடீர் வீச்சும் குறைந்தன, அடிகள் நிதானமாயின, கைகள் உடலோடு ஒட்டி அடங்கின. மலாய் ஸாப்பின் இப்படி உருவானது. இந்த ஆட்டத்தை விரிவாக ஆராய்ந்தவர் மலேசிய அறிஞர் முகமட் அனிஸ் முகமட் நோர். ஸாப்பின் பற்றிய அவருடைய நூல் 1993இல் வெளிவந்தது.

ஸாப்பினுக்கு ஒரு மாறா ஒழுங்கு உண்டு. முதலில் தக்சிம். காம்புஸ் கலைஞர் தாளமில்லாமல் தனியே வாசித்து ராகத்தின் நிறத்தைக் காட்டுவார். கர்நாடகக் கச்சேரியில் ஆலாபனைக்கு உள்ள இடம் இங்கே தக்சிமுக்கு உள்ளது. ஆட்டக்காரர்கள் அவையை நோக்கி அமர்ந்து வணங்கி ஆட்டத்தைத் தொடங்குவர். தொடர்ந்து பாட்டு ஒலிக்க, எதிரெதிராகவும் இணையாகவும் நின்று முன்னும் பின்னும் நகரும் அடிகள் வரும். பாட்டின் பகுதிகளுக்கு இடையில் மர்வாஸ் பறை முழக்கம் திடீரென ஓங்கும். கொப்பாக் எனப்படும் இந்தக் கட்டத்தில் ஆட்டக்காரர்கள் தாழ்ந்தும் துள்ளியும் அடிகளை மாற்றுவர். இறுதியில் தஹ்திம் என்ற முடிப்பு. மெட்டு எதுவானாலும், ஊர் எதுவானாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

மர்வாஸ் ஒரு கைக்குள் அடங்கும் இருமுகச் சிறு பறை. ஒரு கையில் பிடித்து மறு கையால் அடிப்பர். ஒருவர் மட்டும் வாசித்தால் ஸாப்பின் தாளம் கிடைக்காது. மூன்று நான்கு பேர் வெவ்வேறு அடிகளை வாசிக்க, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்ப, அந்தப் பின்னலில்தான் தாளம் பிறக்கிறது. ஆட்டக்காரரின் பாதம் அந்தப் பின்னலில் இன்னொரு இழையாகச் சேர்கிறது.

இருவகைக் காம்புஸ்

ஜொகூரில் காம்புஸ் என்ற பெயரில் இரண்டு வாத்தியங்கள் வழங்குகின்றன. முதலாவது, ஒரே மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய ஒல்லியான வாத்தியம். இது யேமனின் பழைய கன்பூஸ் வகையைச் சேர்ந்தது. மலாய் காம்புஸ் என்றும் ஹிஜாஸ் காம்புஸ் என்றும் அழைக்கப்படுகிறது. இரண்டாவது, மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்த, பேரிக்காய் வடிவ ஹத்ரமௌத் காம்புஸ். அரபு நாடுகளின் ஊத் வாத்தியமே இது. ஒலி கனமும் சுர வீச்சும் மிக்க இரண்டாவது வகை, பெரிய குழுக்களிலும் பின்னர் வானொலியிலும் முதலாவதைப் பின்தள்ளியது.

ஊத் கிழக்கே வந்தது போலவே மேற்கேயும் சென்றது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து ஸ்பெயினின் கோர்தோபா அரசவைக்குச் சென்ற ஸிர்யாப் அங்கே ஊத் இசையைப் பெரும் கலையாக வளர்த்தார். ஐரோப்பாவின் லூட் வாத்தியம் ஊத்திலிருந்தே பிறந்தது. ஒரே அரபு வாத்தியம் ஒரு திசையில் ஸ்பெயினின் அந்தலூசியாவையும் மறு திசையில் ஜொகூரையும் தொட்டது.

ஊருக்கு ஒரு ஸாப்பின்

ஜொகூரில் ஸாப்பின் ஒரே வடிவமாக நிற்கவில்லை. குடியேறிய மக்கள் தங்கள் ஊரின் வாழ்க்கையை அதில் ஏற்றினர். மெர்சிங் கடற்கரையில் தெங்லு ஸாப்பின் மீனவர்களின் அசைவுகளையும் அலையின் தள்ளாட்டத்தையும் அடியாக்கியது. பொந்தியான் வட்டாரத்துப் பெனுட்டில் பாரிட் மஸ்தார் ஸாப்பின், மூவார் வட்டாரத்தில் லெங்கா ஸாப்பின், மைனாவின் துள்ளலை அடியாக்கிய லொம்பாட் தியோங், சுழற்சிகள் நிறைந்த புத்தார் அலாம் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அடிக்கோவை உண்டு. ஒவ்வொன்றையும் காத்த குடும்பங்களும் ஆசான்களும் உண்டு. தக்சிமில் தொடங்கித் தஹ்திமில் முடியும் வரிசை எல்லாவற்றுக்கும் பொது. நடுவில் வரும் அடிகளில் ஊர்கள் தங்கள் கற்பனையைச் செலுத்தின.

பத்து பகாட்டில் வளர்ந்த ஹம்டோலோக் இதே அரபு இசை மரபின் மற்றொரு கிளை. காம்புஸ், மர்வாஸ் ஒலியோடு முகமூடி வேடமும் நாடகமும் சேர்ந்த அது திருமண வீடுகளின் இரவுக் கலையாக இருந்தது.

நீண்ட காலம் ஸாப்பினை ஆண்கள் மட்டுமே ஆடினர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்கள் மேடையேறினர். பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகமும் திரைப்படமும் அதற்கு வழி திறந்தன. பழைய ஆசான்கள் சிலருக்கு இதில் தயக்கம் இருந்தாலும், ஸாப்பின் பள்ளிகளுக்குள் நுழைந்து நாடெங்கும் பரவியதற்கு இந்த மாற்றமே அடிப்படை.

கஜல் ஜொகூருக்கு வந்த வழி

கஜல் அரபு, பாரசீக, உருது மொழிகளில் காதலையும் இறையன்பையும் ஈரடிகளாகப் பாடும் கவிதை வடிவம். வட இந்திய அவைகளில் அது சாரங்கி, சிதார், ஆர்மோனியம், தபலாவோடு பாடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கு வந்த இந்திய வணிகர்களும் இசைக்கலைஞர்களும் அதைக் கொண்டுவந்தனர். அதே காலத்தில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் முகாமிட்டு, பாட்டும் ஆட்டமும் நிறைந்த நாடகங்களை நடத்தின. தமிழ் மேடையின் இசை நாடகத்தைத் தூண்டிய அதே பார்சி நாடக அலை, மலாயாவில் பங்சாவான் நாடகத்தைப் பிறப்பித்தது. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்கா மலாய்ப் பிரபுக்களின் இல்லங்கள் கஜலை வரவேற்றன. அங்கிருந்து அது ஜொகூர் பாருவுக்கு நீரிணையைக் கடந்தது. ரியாவ் தீவுகளின் அரசவையோடு ஜொகூருக்கு இருந்த உறவும் அதன் பரவலுக்கு உதவியது.

ஜொகூரில் கஜலுக்கு மலாய் உருவம் கொடுத்தவராகப் போற்றப்படுபவர் ஹாஜி மூசா பின் யூசோப். பாக் லோமாக் என்ற பெயரால் அறியப்பட்ட இவரை ‘மலாய் கஜலின் தந்தை’ என்று ஜொகூர்க் கலைஞர்கள் கொண்டாடுகின்றனர். அவரும் அவருடைய காலத்துக் கலைஞர்களும் இந்தியக் குழுவின் இருக்கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றில் உட்காரும் வாத்தியங்களை மாற்றினர். சாரங்கி இழைத்த குரல் போன்ற நீண்ட இழுப்பை வயலின் ஏற்றது. சிதாரின் மீட்டலைக் காம்புஸ் ஏற்றது. தபலாவும் ஆர்மோனியமும் தங்கள் இடத்திலேயே இருந்தன. பின்னாளில் கித்தார் சேர்ந்து அடிச்சுரங்களை நிரப்பியது. மராக்கஸும் தம்பூரினும் தாளத்துக்குத் துணை வந்தன.

பாட்டின் மொழி முழுவதும் மாறியது. உருது ஈரடிகளின் இடத்தில் நான்கடி மலாய்ப் பந்துன் வந்தது. பந்துனின் முதல் இரண்டு அடிகள் இயற்கையையோ அன்றாடக் காட்சியையோ சொல்லும். அடுத்த இரண்டு அடிகள் நெஞ்சின் கருத்தைச் சொல்லும். மலாய் மக்கள் ஒவ்வொருவரும் குழந்தை வயதிலிருந்து அறிந்த யாப்பு அது. இசை அயலாக இருந்தாலும் வரி தம்முடையதாக இருந்ததால், கஜல் அவையிலிருந்து இறங்கி ஊர் மக்களின் இசையானது. மூவாரும் பத்து பகாட்டும் ஜொகூர் பாருவும் கஜல் குழுக்களின் ஊர்களாயின.

ஆர்மோனியம் பெற்ற இடம்

மலாய் கஜல் குழுவில் மெட்டை முன்னின்று நடத்துவது ஆர்மோனியம். இந்த வாத்தியத்தின் பயணம் தனியே சொல்லத் தக்கது. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் துருத்தி மிதிக்கும் பெரிய பெட்டி. 1875இல் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். எளிதில் தூக்கிச் செல்லலாம். ஈரக் காற்றிலும் கம்பி வாத்தியம் போலச் சுருதி நழுவாது. நாடகக் குழுக்களுக்கு அது இன்றியமையாததாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழ் மேடையையும் பங்சாவான் மேடையையும் ஒரே வாத்தியம் ஆண்டது.

இந்தியாவில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கட்டைகளுக்கு இடையே வழுக்கி வரும் கமகத்தை அதனால் காட்ட முடியாது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அதே ஆண்டுகளில் ஜொகூரில் ஆர்மோனியத்தின் மதிப்பு உயர்ந்தபடியே இருந்தது. அங்கே வழுக்கும் இசையை வயலினும் பாடகரின் குரலும் கவனித்துக்கொண்டன. ஆர்மோனியத்துக்கு மெட்டை நிலையாகத் தாங்கி, இடைவெளிகளில் சிறு பொடிச் சுரங்களால் அழகூட்டும் வேலை மட்டுமே இருந்தது. தன்னால் இயன்ற வேலையைப் பெற்ற வாத்தியம் அங்கே தழைத்தது.

வயலினைப் பற்றியும் தமிழ் வாசகர் இதையே சொல்ல முடியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தபோது, பாடகரின் குரலை நிழல்போல் தொடரும் வேலை அதற்குத் தரப்பட்டது. ஜொகூரில் சாரங்கியின் இடம் தரப்பட்டது. இரு இடத்திலும் அது அயல் வாத்தியம் என்ற எண்ணமே மறைந்துபோனது.

இசைத்தட்டும் திரையும் வானொலியும்

1903இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். அதிலிருந்து இசைத்தட்டுகள் ஊர்தோறும் சென்றன. 1924இல் திறந்த ஜொகூர் பாலம் சிங்கப்பூரின் நாடகக் குழுக்களையும் கலைஞர்களையும் சாலை வழியே ஜொகூருக்குள் கொண்டுவந்தது.

போருக்குப் பின் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் ஷா சகோதரர்கள் மலாய்ப் படங்களைத் தயாரித்தனர். தொடக்க ஆண்டுகளில் இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எல். கிருஷ்ணன் ஆகியோர் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். நடிகர் பி. ராம்லியைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) எல். கிருஷ்ணன் இயக்கியது. இந்தியப் படங்களின் வழக்கப்படி ஒவ்வொரு படத்திலும் பாட்டும் ஆட்டமும் வேண்டும். அந்த இடங்களில் ஸாப்பினும் ஜோகெட் ஆட்டமும் அஸ்லி என்னும் மலாய் மரபுப் பாட்டும் புகுந்தன. கிராமத்து முற்றத்தில் மர்வாஸோடு ஆடப்பட்ட ஸாப்பின், திரையில் பெரிய வாத்தியக் குழுவோடும் ஆண் பெண் இணைகளோடும் காட்சியளித்தது.

வானொலிக் காலத்தில் ஜொகூர்க் கலைஞர்கள் நாடறிந்தவர்களாயினர். ‘காம்புஸ் மன்னர்’ என்று புகழப்பட்ட பட்ஸில் அகமட் காம்புஸை முன்னணி வாத்தியமாக உயர்த்தினார். பாடகி ரோசியா சிக்கின் குரல் மலாய் கஜலின் குரலாகவே கருதப்பட்டது. கஜல் குழுக்கள் ஸாப்பின் மெட்டுகளையும் அஸ்லிப் பாடல்களையும் எடுத்து வாசித்தன. ஆட்ட இசைக்கும் அமர்ந்து கேட்கும் இசைக்கும் இடையிலிருந்த சுவர் இவ்வாறு தாழ்ந்தது.

செல்லோ மத்தளமான கதை

ஐரோப்பியச் செவ்வியல் இசையின் செல்லோவும் இந்த வட்டாரத்தில் புது வேலை பெற்றது. ஜாவாவில் பிறந்து மலாயாவுக்குப் பரவிய கெரொன்சோங் இசை அதற்குச் சான்று. இதன் பிறப்பிடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது ஜகார்த்தா அருகிலுள்ள துகு கிராமம். டச்சுக்காரர்கள் மலாக்கா, வங்காளம், சோழமண்டலக் கரை போன்ற போர்ச்சுக்கீசியப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் 1661இல் அங்கே குடியமர்த்தப்பட்டனர். போர்ச்சுக்கீசியச் சிறு கித்தார்கள் அவர்களிடம் நிலைத்தன.

கெரொன்சோங் குழுவில் செல்லோவுக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகளே. வில்லைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்டி மீட்டுவர். ஜாவாவின் கெண்டாங் மத்தளத்தின் அடிகளை அது அப்படியே எழுப்பும். ஐரோப்பாவில் நீண்ட இழுப்புக்குப் பெயர்பெற்ற வாத்தியம் இங்கே தாள வாத்தியமாயிற்று. ஜாவானியக் குடியேற்றம் மிகுந்த ஜொகூரில் கெரொன்சோங்குக்கு என்றும் ரசிகர்கள் உண்டு.

ஸ்பெயினின் பிளமெங்கோ ஆட்டத்திலும் இதையொத்த வரலாறு நடந்தது. அந்தலூசியாவின் அரபு மரபும், வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகள் பயணித்து வந்த ரோமா மக்களின் இசையும், உள்ளூர்ப் பாட்டும் சேர்ந்த கலை அது. குரல், கித்தார், கைத்தட்டு, பாதத் தாளம் ஆகியவை அதன் தூண்கள். 1915இல் மனுவேல் தே பால்யா, பிளமெங்கோ ஆட்டக்காரி பஸ்தோரா இம்பெரியோவுக்காக ‘எல் அமோர் புருஹோ’வை எழுதியபோது கம்பி வாத்தியங்கள் கொண்ட சிறு செவ்வியல் குழு அந்த ஆட்டத்துக்கு வாசித்தது. 1970களின் பிற்பகுதியில் பாக்கோ தே லூசியா பெரு நாட்டின் மரப்பெட்டித் தாள வாத்தியமான கஹோனைக் கொண்டுவந்தார். பாதத் தாளத்தோடு இயல்பாக ஒட்டியதால், ஒரே தலைமுறைக்குள் அது பிளமெங்கோவின் சொந்த வாத்தியமாகிவிட்டது. பிளமெங்கோவோடு செல்லோவை இணைக்கும் இன்றைய மேடைகளும் இந்த வழியிலேயே நடக்கின்றன. ஆட்டத்தின் தாளச் சுழற்சியை மதித்து, பாடகரின் குரலையோ கித்தாரின் அடிச்சுரத்தையோ ஏற்கும் செல்லோதான் அங்கே பொருந்துகிறது.

நிறுவனங்களின் காலம்

1971ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின் மலேசிய அரசு மலாய் ஆட்டங்களைப் பள்ளிகளுக்கும் அரசு மேடைகளுக்கும் எடுத்துச் சென்றது. ஸாப்பின் அப்போது ஊர்க் கலையிலிருந்து தேசியக் கலையாயிற்று. 1994இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தேசியக் கலைக் கழகம், இன்றைய அஸ்வாரா, ஸாப்பினைப் பாடமாகக் கற்பிக்கிறது. ஜொகூரில் ஜொகூர் மரபுரிமை அறவாரியம் ஸாப்பின், கஜல், ஹம்டோலோக் குழுக்களைப் பேணி விழாக்களை நடத்துகிறது. 1990களில் பாக் ஙா என்ற சுஹாய்மி முகமட் ஸைன் அமைத்த பாடல்கள், சித்தி நூர்ஹலிசா போன்ற பாடகிகளின் குரலில் மலாய் மரபு மெட்டுகளை இளைஞர்களிடம் சேர்த்தன.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. போட்டி மேடைக்காக அடிகள் சீராக்கப்படும்போது ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு மங்குகிறது. பதிவு செய்த இசைக்கு ஆடும்போது தக்சிம் சுருங்கி அடையாளத்துக்கு மட்டும் நிற்கிறது. கொப்பாக்கில் மர்வாஸ் கலைஞருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலான பார்வைப் பேச்சு இல்லாமல் போகிறது. கஜலில் தபலாவும் ஆர்மோனியமும் தேர்ந்து வாசிக்கும் இளையோர் தேவை. மின்னணு விசைப்பலகை ஆர்மோனியத்தின் ஒலியைத் தந்துவிடும். துருத்தியின் மூச்சோடு பாடகரின் மூச்சைச் சேர்க்கும் கலையை அது தராது. நேரடி இசையோடு ஆட்டத்தைக் கற்பிப்பதும், ஊர் ஆசான்களின் அடிக்கோவைகளை அந்தந்த ஊரிலேயே தொடரச் செய்வதும் இன்றைய கடமைகள்.

ஜொகூரின் அனுபவம் கலவைக் கலைகளுக்குத் தெளிவான ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அரபுக் காம்புஸும் ஐரோப்பிய வயலினும் கல்கத்தா ஆர்மோனியமும் புதுமைக்காக மேடையேற்றப்படவில்லை. பழைய குழுவில் ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது அவை அழைக்கப்பட்டன. அந்த வேலையைச் செவ்வனே செய்ததால் தங்கிவிட்டன. ஆட்டம் தன் வரிசையையும் பாட்டு தன் பந்துனையும் விடாமல் வைத்திருந்ததால், வந்தவை அனைத்தும் மலாய் இசையாக, ஜொகூர் இசையாக ஆயின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கலைகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்த ஒழுங்கே.